வீடு அமைக்கிற கண்ணால உடுப்பைப் பாக்கிறது: உங்கட கேள்விகளும் என்ட பதிலும்

நான் திருமலையில இன்டீரியர் வேலை செய்யுறன், கூடுதலா உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸுகள், இடைக்கிடை வீடுகள். போன கிழமை ஒரு தங்கச்சி என்ன உடுப்பு எடுக்கிறது எண்டு கேட்க, அறை அமைக்கிற மாதிரி யோசியுங்கோ எண்டு ஒரு வரி தான் எழுதினன், அதோட இன்பொக்ஸ் நிரம்பிட்டுது. தனித்தனியா எழுத ஏலாது, எல்லாருக்கும் இதிலயே சொல்லுறன். நான் ஃபாஷன் படிச்ச ஆள் இல்ல, கலர், அளவு, வெளிச்சம் இந்த மூண்டோட தான் என்ட பிழைப்பு, அந்தளவில எடுங்கோ.

அக்கா, நான் டீச்சர். அலுமாரி திறந்தா சாறி கீழ விழுது, ஆனா காலமையில உடுக்க ஒண்டும் இல்லாத மாதிரி இருக்கு. எங்க இருந்து தொடங்குறது?

கலர்ல இருந்து தொடங்காதீங்கோ. ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனா நாங்க முதல்ல பெயின்ற் கதைக்கிறதில்ல, இந்த அறையில என்ன நடக்கும், பிள்ளை இதில படிக்குதா, மாமி பகல்ல இதில படுக்கிறவாவா, பின்னேர வெயில் எந்த யன்னலால வருது, இதெல்லாம் கேட்டுட்டுத் தான் கதிரை எங்க எண்டு யோசிப்பம். உங்கட கிழமையை அப்படிப் பாருங்கோ. 5 நாள் ஸ்கூல், பின்னேரம் சந்தை இல்லாட்டி ட்யூஷன், வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயில், மிச்சம் வீடு. கலியாண வீடு வருசத்தில எத்தினை வரும்? ஆனா அலுமாரியில பாதிக்கு மேல கலியாண வீட்டுக்கு எடுத்தது தானே. விருந்தாளி வருவினம் எண்டு பெரிய ஹோல் கட்டிட்டு குசினியில நெருக்குப்பட்டு நிண்டு சமைக்கிற வீடுகள் எங்கட ஊர்ல எத்தினை எண்டு எனக்குத் தான் தெரியும்.

பட்டு எல்லாத்தையும் பழைய கொட்டன் சீலையில சுத்தி வேற தட்டுக்கு மாத்துங்கோ. மிச்சத்தைக் கட்டில்ல பரப்பினா நீங்க திரும்பத் திரும்ப எடுத்து உடுக்கிறது ஒரு 7, 8 சாறி இருக்கும். அதுகளில என்ன துணி, கரை எவ்வளவு அகலம், டிசைன் பெரிசா சின்னனா, எண்டு பாருங்கோ, ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும். உங்கட ஸ்டைல் அது தான், கடையில போய்த் தேடத் தேவையில்ல.

60-30-10 எண்டு ஒரு கணக்கு சொல்லுறாங்களே, அது உடுப்புக்குச் சரி வருமா? நான் பாங்க்ல வேலை, ஆம்பிளைப் பிள்ளை.

வரும் தம்பி. அறையில 60 வீதம் சுவரும் பெரிய சாமான்களும் ஒரு கலர், 30 வீதம் கர்ட்டின், செற்றி மாதிரி இரண்டாவது கலர், 10 வீதம் குஷன், லாம்ப், ஒரு படம். சாறியில பாத்தா உடல் 60, முந்தானையும் கரையும் 30, பிளவுஸ் 10 எண்டு கிட்டத்தட்ட அதே கணக்கு தான், எங்கட அம்மம்மாமார் இதை யாரிட்டயும் படிக்கேல்ல. டேப் வைச்சு அளக்கிற விஷயம் இல்ல இது. மூண்டு கலரும் சம அளவில நிண்டா கண் எதில நிக்கிறது எண்டு தெரியாம அலையும், அவ்வளவு தான். உங்களுக்கு கருநீலக் களிசான், வெளிர் நீலச் சேட், பெல்ட்டும் சப்பாத்தும் ஒரே மண்ணிறம், முடிஞ்சுது. ரை கட்டினா அந்த 10க்குள்ள கட்டுங்கோ. ரை ஒரு சிவப்பு, பேனை ஒரு பச்சை, மணிக்கூட்டு வார் இன்னொண்டு எண்டா அது 10 இல்ல, சந்தை.

நான் கட்டை. சல்வார் போட்டா இன்னும் கட்டையாத் தெரியுது எண்டு எல்லாரும் சொல்லுகினம்.

டொப் எதுவரைக்கும் வருது எண்டு பாருங்கோ. உடம்பைச் சரி பாதியா வெட்டுற இடத்தில நிண்டா ஆளை இரண்டு துண்டாக் காட்டும். சுவர்ல அரைவாசிக்கு ஒரு கலர், மிச்சத்துக்கு இன்னொரு கலர் அடிச்ச பழைய கந்தோர் அறைகள் பதிவாத் தெரியுறது அதால தான். நாங்க மூண்டில ஒண்டு, மூண்டில இரண்டு எண்டு பிரிப்பம். ஒண்டில் டொப் முழங்காலுக்குக் கிட்ட வரட்டும், இல்லாட்டி இடுப்போட நிக்கட்டும், நடுத்தொடையில நிக்க விடாதீங்கோ. டொப்பும் களிசானும் கிட்டக்கிட்ட நிறமா இருந்தா வெட்டே தெரியாது. பெரிய பூ டிசைன் வேண்டாம், சின்ன அறைக்கு பெரிய பூப் போட்ட கர்ட்டினும் நான் போடமாட்டன்.

அக்கா, நான் கறுப்பு. அம்மா சின்ன வயசில இருந்து எனக்கு வெளிர் கலர் தான் எடுத்துத் தருவா, கடும் கலர் போட்டா எடுபடாதாம். உண்மையா?

இல்லம்மா, உண்மை இல்ல, இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லத் தான் வேணும், ஏனெண்டா இந்தக் கேள்வி மட்டும் நாலு பேரிட்ட இருந்து வந்திருக்கு. பிரான்சில ஷெவ்ரூல் எண்டு ஒரு கெமிஸ்ட், 1824ல கோப்ளன் நெசவுசாலையில சாயப் பகுதிக்குப் பொறுப்பா வந்தவர். கறுப்பு நூல் கறுப்பாவே தெரியேல்ல, சாயம் சரியில்ல எண்டு முறைப்பாடு வந்திருக்கு. அவர் சோதிச்சுப் பாத்தா சாயத்தில பிழையே இல்ல, பக்கத்தில வைச்சு நெய்த கலர் தான் கறுப்பை மங்கப் பண்ணியிருக்கு. ஒரு நிறம் எப்படித் தெரியும் எண்டதை பக்கத்து நிறம் தீர்மானிக்குது எண்டு 1839ல பெரிய புத்தகமாவே போட்டார், நாங்க இண்டைக்கும் அதை வைச்சுத் தான் வேலை செய்யுறம்.

இப்ப உங்கட விஷயத்துக்கு வாறன். கடும் தேக்குப் பலகைச் சுவருக்கு முன்னால மாம்பழ மஞ்சள் குஷன் வைச்சா அது எரியும், மயில்நீலம் வைச்சா அதுவும் அப்படித்தான், அதே குஷனை வெள்ளைச் சுவருக்கு முன்னால வைச்சுப் பாருங்கோ, அரைவாசி உயிர் போயிடும். ஆழமான நிறத்துக்குப் பக்கத்தில அழுத்தமான கலர் அப்படித்தான் எழும்பி நிக்கும். குங்குமச் சிவப்பு, கடும் பச்சை, மஞ்சள், நல்ல தூய வெள்ளை, எல்லாம் உங்களுக்குத் தான். உண்மையில எடுபடாதது சாம்பல் கலந்த வெளிர் கலர்கள், அந்த சோம்பின ரோஸ், சோம்பின ஊதா, அதைத் தானே அம்மா தேடித் தேடி எடுத்திருக்கிறா. கோவிக்காதீங்கோ அவவோட, அவவுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பினம். ஆனா அடுத்த வருசப்பிறப்புக்கு நீங்களே கடைக்குப் போங்கோ.

கடையில பாத்த கலர் வீட்டுக்கு வந்தா வேற. ஏமாத்துறாங்களா?

ஏமாத்தேல்ல, லைட். இரண்டு துணி ஒரு லைட்டில ஒரே கலரா, இன்னொரு லைட்டில வேற வேற கலராத் தெரியும், சாயக்கலவை வேறயா இருந்தா. பிளவுஸ் துணி மட்ச் பண்ணினவை எல்லாருக்கும் இது தெரியும். லைட்டின்ட நிறத்தைக் கெல்வின் எண்ட அளவில சொல்லுவம், கடை ரியூப் லைட் பெரும்பாலும் 6500 கெல்வின் நீலம் சேந்த வெள்ளை, வீட்டில மஞ்சள் பல்ப் எண்டா 2700 பக்கம், வெளியில எங்கட வெயில். என்.சி. ரோட்டில துணி எடுத்தா வாசலுக்குக் கொண்டு வந்து பாக்க விடுங்கோ எண்டு கேளுங்கோ, எந்த முதலாளியும் வேண்டாம் எண்டு சொல்ல மாட்டார். இன்னொண்டு, எங்கட மத்தியான வெயில் மென்மையான கலரைக் குடிச்சிடும். குளிர் நாட்டு போட்டோவில வடிவா இருந்த பேஜ், கிறீம் எல்லாம் டச் பே கரையில நிண்டா ஒண்டுமே போடாத மாதிரித் தெரியும். இன்டர்நெட்ல வாற படங்களைப் பாத்து அப்படியே எடுக்க வேண்டாம் எண்டுறது இதுக்குத் தான்.

நான் கிண்ணியா. எப்பவும் கறுப்பு அபாயா தான். எனக்கு இந்த ஸ்டைல் கதையில என்ன இருக்கு? வெக்கைக்கும் ஒரு வழி சொல்லுங்கோ.

ஒரே கலர் அறை அமைக்கிறது தான் எங்கட தொழில்ல கஷ்டமானதும் வடிவானதும். கலர் இல்லாட்டி வேலை முழுக்க துணியிலயும் கோட்டிலயும் தான். மினுக்கம் இல்லாத நிதா எண்ட அபாயாத் துணியில உடல், கையோரத்தில மட்டும் கொஞ்சம் மினுங்கிற துணி, இல்லாட்டி முன்னுக்கு மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தையல் கோடு. ஆனா இரண்டு வேற கறுப்பை ஒண்டாப் போடாதீங்கோ, ஒண்டு நீலமடிச்சு மற்றது மண்ணிறமடிச்சு இரண்டுமே பழசாத் தெரியும். வெக்கைக்கு, 1980ல நேச்சர் சஞ்சிகையில பாலைவன பெதுவின் ஆக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகினம் எண்டு ஒரு ஆய்வு வந்தது, தளர்வான அங்கியில கறுப்போ வெள்ளையோ உள்ள இருக்கிற ஆளுக்குப் போற வெக்கை ஒண்டு தான் எண்டு கண்டவை, துணிக்கும் உடம்புக்கும் இடையில காத்து ஓடுறது தான் காரணம். அது காய்ஞ்ச பாலைவனம், இங்க கடற்கரைப் புழுக்கம், அதால முழுக்க அப்படியே பொருந்தாது. ஆனா தளர்வா தைக்கிறது, உள்ளுக்கு கொட்டன், இது இரண்டும் கச்சான் காத்துக் காலத்தில உதவும்.

எனக்கு பாவா கட்டின மாதிரி சிம்பிள் ஸ்டைல் பிடிக்கும். வெள்ளை, கறுப்பு மட்டும் போட்டாச் சரியா?

எங்கட நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா எண்டா வெறும் வெள்ளை எண்டு நினைக்காதீங்கோ. அவர் அமைச்ச பெந்தோட்ட பீச் ஹோட்டல் வரவேற்பு மண்டபத்தில கூரைக்கு பத்திக் கலைஞர் எனா டி சில்வாவின்ட பத்திக் போட்டவை, கலர் கொட்டும். கீழ எல்லாம் அமைதியா இருக்கிறதால தான் அது தாங்குது. அவர் கட்டின கண்டலமா ஹோட்டல்ல கட்டடமே செடிகொடிக்குள்ள பின்வாங்கி நிக்கும், குளத்தைத் தான் பாக்க வைப்பார். வெள்ளை லினன் சேட் போடுங்கோ, கட்டாயம் நல்லா இருக்கும், ஆனா எதைப் பாக்க வைக்கப் போறீங்கள் எண்டு ஒண்டை எடுங்கோ. மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒண்டு நல்ல கோடு போட்டது எடுத்தா அது போதும். (கிணத்துத் தண்ணியில இரும்பு இருந்தா வெள்ளை மஞ்சளடிக்கும், கடைசி அலசலுக்குப் பைப் தண்ணி பாவியுங்கோ.)

எல்லாத்தையும் எறிஞ்சுட்டு புதுசா எடுக்கவா?

வேண்டாம், காசு மரத்திலயா காய்க்குது? வீட்டிலயும் முதல்ல சாமானை இடம் மாத்திப் பாப்பம், பிறகு தான் வாங்கிறது. ரெயிலரிட்ட நீளம் குறைச்சு, கை சரி பண்ணினாலே அரைவாசி உடுப்பு திரும்ப வேலைக்கு வரும்.

எனக்கு 61 வயசு பிள்ளை. இனி எனக்கு என்ன ஸ்டைல், சும்மா வாசிச்சுக்கொண்டு இருந்தன்.

அம்மா, நீங்க கேட்டது தான் எனக்குச் சந்தோசம். தோள் பாரம், பிளவுஸ் இறுக்கம், கை தூக்க ஏலாது, இதுகளை முதல்ல பாருங்கோ, கலர் பிறகு. முன் கொளுக்கி, கை கொஞ்சம் தளர்வு, வோயில் சாறி. நரைச்ச தலைக்கு மயில்நீலமும் அரக்கும் நல்லா வரும், சாம்பலுக்குள்ள போய் ஒளிக்காதீங்கோ. தைக்கக் குடுக்கேக்க பழைய பிளவுஸ் ஒண்டை அளவுக்குக் கொண்டு போங்கோ, ஆனா 10 வருசத்துக்கு முந்தினது இல்ல, இப்ப போடுறது.