வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு லேசர் சைட் உதவுமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன், வயது 53. வீட்டுப் பாதுகாப்புக்கு இரண்டு அங்குலக் குழல் உள்ள .38 ரிவால்வர் வாங்கியிருக்கிறேன். கண்ணாடி இல்லாவிட்டால் ஃப்ரன்ட் சைட் (குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் சின்ன முனை) மங்கலாகத்தான் தெரிகிறது. கடைக்காரர் லேசர் போடச் சொல்கிறார். தேவையா, தண்டச் செலவா?

பதில்: உங்களுக்குத் தண்டச் செலவு இல்லை. சைட் வைத்துச் சுடும்போது கண் கைநீட்டுத் தூரத்தில் இருக்கும் அந்தச் சின்ன முனையைக் கூர்மையாகப் பார்க்க வேண்டும்; வெள்ளெழுத்து வந்த பிறகு முடியாமல் போவதே அதுதான். லேசர், குண்டு படவேண்டிய இடத்தில் ஓர் ஒளிப்புள்ளியை விழவைக்கும்; அதனால் பார்வை எதிரில் இருப்பவர் மேலேயே நிற்கலாம், ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணாடியைத் தேடித் துழாவ வேண்டியதில்லை.

ஆனால் எதிரில் நிற்பது யார் என்று லேசர் காட்டாது. இருட்டில் ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். அது திருடன் மேல் விழுந்திருக்கிறதா, தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் மகன் மேலா என்று தெரியாது. அதனால் முதலில் நல்ல டார்ச் ஒன்று வாங்குங்கள், துப்பாக்கியில் மாட்டாமல் தனியாகக் கையில் பிடிப்பது. புள்ளியைப் பார்த்ததும் திருடன் ஓடிவிடுவான் என்று கடையில் சொல்லியிருப்பார்கள், அதை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

லேசர் வாங்குவதானால் துப்பாக்கியின் கைப்பிடியிலேயே வரும் வகையைப் பாருங்கள். கிரிம்சன் ட்ரேஸ் கம்பெனி இதில் பழைய பெயர். இறுக்கிப் பிடித்தாலே நடுவிரல் பட்டனை அழுத்திவிடும், பதற்றத்தில் சுவிட்சைத் தேட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் சிவப்பு சீக்கிரம் காணாமல் போகும், பச்சை நம் கண்ணுக்கு அதைவிடப் பளிச்சென்று தெரியும். வீட்டுக்குள் இருட்டில் என்றால் சிவப்பே போதும்.

அப்புறம், லேசர் குழலுக்குக் கீழே இருப்பதால் புள்ளியும் குண்டும் ஒரே ஒரு தூரத்தில்தான் சேரும். ஓர் அங்குலம் கீழே என்று வைத்துக்கொண்டு 10 கஜத்துக்குச் சரிசெய்தால், 5 கஜத்தில் குண்டு புள்ளிக்கு அரை அங்குலம் மேலே படும், 20 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே கீழே. வீட்டுக்குள் இது ஒரு பொருட்டே இல்லை.

என்னைக் கேட்டால் லேசரின் பெரிய லாபம் பயிற்சியில்தான். குண்டுகளை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டர் (குண்டு போடும் உருளை) காலி என்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, பின்னால் ஆள் புழங்காத கனமான சுவர் ஒன்றில் புள்ளியை வைத்து ட்ரிக்கரை இழுத்துப் பாருங்கள். வலக்கைக்காரராக இருந்தால் பெரும்பாலும் புள்ளி கீழே இடப்பக்கம் துள்ளும், அந்த நீளமான கனத்த ட்ரிக்கரில் நம் கை செய்யும் கோளாறு அது. அந்தத் துள்ளல் நிற்கும்வரை இழுத்துப் பழகுங்கள். புள்ளி துளியும் ஆடாமல் நிற்கட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள், யார் கையிலும் அது நிற்காது. பாதி நாள் லேசரை அணைத்துவிட்டு சைட்டிலும் பழகுங்கள், பேட்டரி எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லென்ஸில் எண்ணெயும் பஞ்சும் சேர்ந்தால் புள்ளி சிதறித் தெரியும், காது குடையும் பட்ஸால் மெதுவாகத் துடைத்தால் போதும்.