கடுகும் பூசணிக்காயும்: வீட்டுக் கார்பனைக் குறைப்பது பற்றிச் சில கேள்விகள்

நான் மின் பொறியாளர். வீடு வீடாகவும் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கும் போய், மின்சாரமும் எரிபொருளும் எங்கே போகிறது என்று அளந்து சொல்வதுதான் பல வருடமாக என் வேலை. நம் அன்றாட வாழ்க்கையில் கரியமில வாயுவை எப்படிக் குறைப்பது என்று கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம் என்றேன், நிறையவே வந்துவிட்டன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஈரோடு, இல்லத்தரசி): அக்கா, எங்கள் வீட்டுக் கார்பன் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? இணையத்தில் கணக்குப் போடப் போனால் நாற்பது கேள்வி கேட்கிறார்கள், பாதி புரியவில்லை.

பதில்: நாற்பது வேண்டாம், மூன்று போதும். இபி பில்லில் இருக்கும் யூனிட்டை 0.7 ஆல் பெருக்குங்கள், அத்தனை கிலோ கரியமில வாயு. நம் நாட்டு மின்சாரத்தில் முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால்தான் இவ்வளவு. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் 2.7. கேஸ் சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ, ஏனென்றால் உள்ளே இருக்கும் 14.2 கிலோ கேஸில் ஒவ்வொரு கிலோவும் எரிந்து சுமார் 3 கிலோ கரியமில வாயுவாகிறது. ஒரு வருடத்துக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடும் வீடு என்றால் மின்சாரம் மட்டும் வருடத்துக்கு 2,500 கிலோ, சிலிண்டர் ஒன்பது வாங்கினால் 380 கிலோ. எதை முதலில் தொட வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

கேள்வி (திருநெல்வேலி, கல்லூரி மாணவர்): செல்போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து எப்போதும் கழற்றிவிடுகிறேன். இது எவ்வளவு உதவும்?

பதில்: நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் போன் இல்லாமல் சும்மா தொங்கும் இந்தக் காலத்துச் சார்ஜர் வருடம் முழுக்க இழுப்பது ஒன்றிரண்டு யூனிட்தான். கடுகு போன இடத்தை ஆராய்ந்துவிட்டுப் பூசணிக்காய் போன இடத்தை விட்டுவிடக் கூடாது. அதே அறையில் டிவிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸை ராத்திரி தொட்டுப் பாருங்கள், ரிமோட்டில் அணைத்த பிறகும் சூடாக இருக்கும். பத்து வாட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 87 யூனிட். சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

கேள்வி (சென்னை, வாடகை வீடு): சோலார் எல்லாம் வைக்க முடியாது, வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டார். எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

பதில்: மின்விசிறியை மாற்றுங்கள். நான் போகிற வீடுகளில் முதலில் சொல்வது இதைத்தான், யாரும் எதிர்பார்ப்பதில்லை. சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடுவது, 30 வாட்டுக்கு அதே காற்றைத் தரும். நம் ஊரில் ஹால் ஃபேன் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் சுற்றுகிறது, அப்படியானால் ஒரே ஒரு ஃபேனில் வருடத்துக்கு 245 யூனிட், ஏறக்குறைய 170 கிலோ கரியமில வாயு மிச்சம். காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம், பழையதை மாட்டிவிட்டுப் போனால் வீட்டுக்காரருக்கும் நஷ்டமில்லை. மாட்டும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள்: சுவரில் இருக்கும் ரெகுலேட்டர் வழியாக இணைக்காமல் நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃபேன் விட்டுவிட்டு ஓடும், அப்புறம் "பிஎல்டிசியே மோசம்" என்று பேச்சு வரும்.

கேள்வி (சென்னை, ஐடி ஊழியர்): 5 ஸ்டார் ஏசிதான் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது. பில் பரவாயில்லை. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏசியில் எல்லோரும் பில்லைத்தான் பார்க்கிறார்கள், குழாய்க்குள் இருக்கும் கேஸை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது வரும் பெரும்பாலான வீட்டு ஏசிகளில் ஆர்-32 என்ற வாயு இருக்கிறது. ஒரு கிலோ வெளியே போனால் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஒன்றரை டன் ஏசிக்குள் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அது முழுவதும் கசிந்தால் 600 கிலோ. ஒரு ஸ்கூட்டரில் பதினோராயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் வரும் புகை அது. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 இன்னும் மோசம், கிலோவுக்கு 1,800 கிலோ அளவுக்குப் போகும். ஏசி என்பது மூடிய குழாய். அதில் கேஸ் தீர்ந்துபோகாது, குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வருடா வருடம் நிரப்புகிறீர்கள் என்றால் வருடா வருடம் வானத்துக்கு விடுகிறீர்கள்.

என் வீட்டிலேயே இது நடந்தது. ஏசியை இடம் மாற்ற வந்தவர் வெளியே இருக்கும் யூனிட்டின் நட்டை ஸ்பேனரால் ஒரு திருகு திருகினார், 'உஸ்ஸ்' என்று அரை நிமிடம் சத்தம் வந்தது, பித்தளை நட்டைச் சுற்றிப் பனி படிந்தது. அடுத்த அறையிலிருந்து நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "புதுசா ஃபில் பண்ணிக்கலாம் மேடம்" என்றார். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கழற்றுவதற்கு முன்னால் ஏசியை ஓடவிட்டு ஒரு வால்வை மூடினால் கேஸ் முழுவதும் வெளி யூனிட்டுக்குள் போய் அடைந்துகொள்ளும், பிறகு இன்னொரு வால்வையும் மூடிவிடலாம். இதற்கு 'பம்ப் டவுன்' என்று பெயர், ஐந்து நிமிட வேலை. கம்ப்ரஸர் ஓடும் நிலையில் இருந்தால் இதைச் செய்யாமல் கழற்ற விடாதீர்கள். அதே போல 'கேஸ் ஃபில்லிங்' என்று யாராவது சொன்னால் முதலில் ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சோப்பு நுரையை இணைப்புகளில் தடவினால் குமிழி வரும், பெரும்பாலும் அந்த நட்டு இணைப்புகளில்தான் கசியும். அங்கே இல்லையென்றால் நைட்ரஜன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள். அடுத்த ஏசி வாங்கும்போது ஆர்-290, அதாவது புரொப்பேன் வாயுவில் ஓடுவது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள், அதன் சூடேற்றும் திறன் மிக மிகக் குறைவு.

மற்றபடி, 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை ஏசிகள் ஆன் செய்தவுடன் 24 டிகிரியில் நிற்கும்படிதான் வருகின்றன. அதை 18க்கு இறக்காமல், ஃபேனைக் கூடவே ஓடவிட்டு 26இல் வையுங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும். ஸ்டார் ஸ்டிக்கரில் இருக்கும் வருட யூனிட் கணக்கு 1,600 மணி நேரத்துக்குப் போட்டது, சென்னையில் தினம் எட்டு மணி நேரம் ஓட்டுகிறவர் அதைத் தாண்டிவிடுவார் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி (மதுரை, ஓய்வு பெற்ற ஆசிரியர்): சுற்றுச்சூழலுக்காக கேஸ் அடுப்பை விட்டு இண்டக்ஷனுக்கு மாறினேன். சரிதானே அம்மா?

பதில்: ஐயா, உங்கள் எண்ணம் நல்லது, ஆனால் இன்றைய கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் பாத்திரத்துக்குள் போகும் சூடு ஏறக்குறைய 7 யூனிட்டுக்குச் சமம், வெளிவருவது 3 கிலோ கரியமில வாயு. அதே சூட்டை இண்டக்ஷனில் தர எட்டு யூனிட்டுக்கு மேல் வேண்டும், கிட்டத்தட்ட 6 கிலோ. மின்சாரம் நிலக்கரியிலிருந்து வரும் வரை நிலைமை இதுதான். மாடியில் சோலார் இருந்து பகலில் சமைத்தால் கணக்கு தலைகீழாக மாறிவிடும், அப்போது இண்டக்ஷன்தான் சிறந்தது. வீட்டுக்குள் புகை குறைகிறது என்பதற்காக வைத்துக்கொள்வதானாலும் தவறில்லை. எந்த அடுப்பாக இருந்தாலும் பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள், முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வையுங்கள். அடுப்பை மாற்றாமலே கிடைக்கும் மிச்சம் அது.

கேள்வி (கோவை, மில் ஊழியர்): அப்படியென்றால் எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் ஏமாற்றா? அதுவும் நிலக்கரி மின்சாரம்தானே.

பதில்: இல்லை, இங்கே கணக்கு நல்லபடியாகவே வருகிறது. சார்ஜ் ஆகும்போது போகும் இழப்பையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு 35 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 20 கிராம். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தாலும் 51 கிராம். பெட்ரோல் இன்ஜினில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது, மோட்டாரில் அப்படி இல்லை. தினம் 40 கிலோமீட்டர் போய்வருகிறவர் தயங்காமல் மாறலாம். தினம் ஐந்து கிலோமீட்டர்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் நன்றாக இருக்கும் பழைய வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்காதீர்கள், பேட்டரி செய்வதற்கே நிறைய ஆற்றல் செலவாகிறது. பக்கத்தில் டவுன் பஸ் ஓடினால் அதைப் போல இரண்டுமே இல்லை.

கேள்வி (தூத்துக்குடி, வியாபாரி): மாடியில் சோலார் வைக்க மானியம் உண்டு என்கிறார்கள், எவ்வளவு?

பதில்: 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2க்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000. ஒரு கிலோவாட் வைக்க நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும், உங்கள் ஊர் வெயிலுக்கு நாளுக்கு நான்கு யூனிட் கிடைக்கும். பேனலில் படியும் தூசியை வாரம் ஒரு தடவை காலையில், சூடேறுவதற்கு முன்னால், தண்ணீரால் துடையுங்கள். அப்பார்ட்மெண்ட்காரர்களும் இதைக் கேட்டிருந்தார்கள்: பொது மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்குகளுக்காகச் சங்கத்தின் பெயரில் வைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 உண்டு.

கேள்வி (திருவாரூர், விவசாயி): நெல் வயலும் பூமியைச் சூடாக்குகிறது என்கிறார்களே அக்கா, சோறு போடுகிறவனையும் குற்றம் சொல்வதா?

பதில்: குற்றமே இல்லை அண்ணா. தண்ணீர் தேங்கிய வயலில் மண்ணுக்குக் காற்றுப் போகாது, அப்போது அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும், அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேற்றும். இதற்கு வழி உங்கள் பேச்சிலேயே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு தண்ணீர் பாய்ச்சுவது. ஓர் அடி நீளப் பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப் பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை வயலில் புதையுங்கள், உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு அரை அடி கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும், பயிருக்கு வேரடியில் ஈரம் இருக்கும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் சமயமும் மட்டும் காயவிடாதீர்கள். மீத்தேன் பாதியளவு வரைகூடக் குறையும். சம்பாவில் ஐப்பசி மழையில் வயலை வடிக்கவே முடியாது என்று எனக்கும் தெரியும், அங்கே இதைப் பேசிப் பயனில்லை. போர் தண்ணீரில் குறுவை செய்கிறவர்களுக்குத்தான் இது தோது.

கேள்வி (வேலூர், பெயர் வேண்டாம் என்றவர்): பெரிய நாடுகளும் கம்பெனிகளும் புகை விடும்போது நான் ஃபேனை மாற்றி என்ன ஆகப்போகிறது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. சராசரி இந்தியர் வருடத்துக்கு 2 டன் என்றால் சராசரி அமெரிக்கர் 14 டன் விடுகிறார். ஒரு விளக்கு, ஒரு ஃபேனோடு இருக்கும் வீட்டைப் பார்த்து 'குறை' என்று சொல்ல எனக்கு வாய் வராது, அவர்களுக்கு இன்னும் மின்சாரம் வேண்டும். ஆனால் நான் போகும் வீடுகளில் மூன்று ஏசி இருக்கிறது, இரண்டு கார் நிற்கிறது. நான்கு பேர் விமானத்தில் டெல்லி போய்வந்தால் 800 கிலோவைத் தாண்டும், அது ஒரு குடும்பம் இரண்டு வருடம் எரிக்கும் சிலிண்டர். அவர்கள் சராசரி இந்தியர் இல்லை, நானும் இல்லை. கம்பெனிகளைக் கேள்வி கேட்பதையும் நிறுத்த வேண்டாம். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம்.

கேள்வி (சேலம்): காய்கறிக் கழிவைத் தொட்டியில் போட்டேன், நாற்றம் தாங்கவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். குப்பைமேட்டுக்குப் போனால் காற்றில்லாமல் அமுங்கி அதுவும் மீத்தேன்தான் ஆகும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையோ தென்னை நார்த்தூளோ போடுங்கள், தொட்டியின் பக்கவாட்டில் ஓட்டை இருக்கட்டும், இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். வெள்ளையாக நெளியும் புழுவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வேலைதான் செய்கிறது.

கேள்வி (கும்பகோணம்): மாமியார் காலத்து ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுகிறது. மாற்றலாமா?

பதில்: முதலில் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் போய்விட்டது, அதை மட்டும் மாற்றினாலே மோட்டார் ஓடும் நேரம் குறையும். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் அரை அடி முன்னால் இழுத்து வையுங்கள். அதற்குப் பிறகும் மோட்டார் நிற்காமல் ஓடினால் மாற்றிவிடுங்கள். ஆனால் பழையதை மொட்டைமாடிக்கு ஏற்றி 'தண்ணீர் பாட்டிலுக்கு' என்று இரண்டாவது ஃப்ரிட்ஜாக ஓட்ட வேண்டாம், பாதி வீடுகளில் இதைப் பார்க்கிறேன்.