நொத்தாரிசுப் பெயர்ப்பலகை மாட்டுமுன்

கேள்வி: நான் ஒரு சட்டத்தரணி. சொந்த இடம் பசறைப் பக்கம் ஒரு தோட்டம். கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தின் சட்டப் பிரிவில் பல வருஷம் ஈட்டு உறுதிகள் (அடமானப் பத்திரங்கள்) தயாரித்தேன். கையொப்பம் வைப்பது மேலதிகாரியான நொத்தாரிசு, அதாவது உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்த அதிகாரம் பெற்றவர். அந்தத் தொழிலுக்கான அனுமதியான வாரண்ட்டை நான் எடுக்கவில்லை. போன தை மாதம் ஆட்குறைப்பில் என்னையும் நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு வந்து வெளியே தலைகாட்ட வெட்கமாக இருக்கிறது. பதுளையில் சொந்தமாக நொத்தாரிசு அலுவலகம் திறக்கலாமா? கோர்ட்டில் பேசிப் பழக்கமில்லை, கையில் பெரிய முதலும் இல்லை.
- பதுளை மாவட்ட வாசகி

பதில்: திறக்கலாம் தங்கச்சி, தாராளமாகத் திறக்கலாம். வெட்கத்தை முதலில் விடுங்கள். ஆட்குறைப்புப் பட்டியல் போடுகிறவர்கள் சம்பளத் தொகையைப் பார்த்துப் போடுகிறார்கள், வேலைத் திறமையைப் பார்த்து அல்ல. இத்தனை வருஷம் ஈட்டு உறுதி எழுதிப் பழகியவருக்கு இந்தத் தொழிலில் பாதி ஏற்கெனவே கைவசம். கோர்ட்டில் பேசத் தெரியாதது இதற்கு ஒரு குறையே இல்லை.

மற்றப் பாதிதான் புதிது. நிறுவனத்தில், காணி யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் உரித்து அறிக்கை தயாராகி உங்கள் மேசைக்கு வந்திருக்கும். இங்கே காணிப் பதிவகத்துக்கு நீங்களே போக வேண்டும். உறுதி எழுதுமுன் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது நொத்தாரிசுக்குச் சட்டம் விதித்த கடமை. அந்தப் பெரிய புத்தகத்தை விரித்து, ஒரு ஃபோலியோவிலிருந்து (பதிவேட்டுப் பக்கம்) முந்தைய ஃபோலியோவுக்குப் போய், யார் யாருக்கு எப்போது எழுதினார், எத்தனை பேர்ச், ஈடு மீட்கப்பட்டதா, வழக்குப் பதிவு ஏதும் உண்டா என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். 20 பேர்ச் காணியில் 8 பேர்ச் ஏற்கெனவே விற்றவர் முழுக் காணிக்கும் உறுதி எழுதச் சொல்லி வந்து நிற்பார். வாங்குகிறவர் பிளானைக் காட்டுவார். பிளான் உரித்து ஆகாது. தொடங்கிய காலத்தில் பதிவகம் திறக்கும் நேரத்துக்கே நான் வாசலில் நிற்பேன். இன்றைக்கும் இந்த வேலையை வேறு ஆளிடம் விடுவதில்லை.

வாரண்ட் விண்ணப்பம் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் ஊடாகப் போகும். பிணையும் வைக்க வேண்டும். எந்த நீதி வலயத்தில் தொழில் செய்யலாம், எந்த மொழியில் உறுதி எழுதலாம் என்று இரண்டும் வாரண்டிலேயே இருக்கும். இந்த மொழி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. சிங்களத்துக்கும் விண்ணப்பியுங்கள், அது இல்லாமல் பதுளையில் முடியாது. ஆனால் தமிழை விட்டுவிட்டு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். நம் ஆட்கள் எத்தனை பேர் வாசிக்கத் தெரியாத உறுதியில் கையொப்பம் வைத்துவிட்டு, பிறகு பிள்ளைகளின் காலத்தில் வழக்குக்கு அலைகிறார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

காணியைக் கைமாற்றும் உறுதி எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது அது. வாசிக்கத் தெரியாதவர் என்றால் சாட்சிகளுக்கு முன்னால் வாசித்து விளக்க வேண்டும் என்பது 1907இன் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம். அந்த வாசிப்பை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். வயதான ஒரு அம்மாவை மருமகன் என்னிடம் கூட்டி வந்தார். வங்கிக் கடனுக்கு ஒரு கையொப்பம் என்றுதான் அந்த அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார்கள். மருமகன் கொண்டுவந்த விபரத்தின்படி எழுத வேண்டியது காணியை முழுதாகக் கைமாற்றும் அறுதி உறுதி. நான் எழுதி, தமிழில் மெதுவாக வாசித்தேன். "இன்று முதல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இக்காணியில் எந்த உரித்தும் இல்லை" என்ற வரி வந்ததும் மைப்பெட்டிக்கு நீட்டிய பெருவிரலை அந்த அம்மா மடக்கிக்கொண்டார். "அப்போ நான் எங்கே இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். உறுதியில் கையொப்பம் விழவில்லை, எனக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார்கள்.

அடுத்தது லயம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். பெருந்தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம். 1992இலிருந்து கம்பனிகளிடம் இருப்பது நிர்வாகமும் குத்தகையும்தான். மூன்று தலைமுறை அதே காம்பராவில் இருந்தாலும், அதை விற்க அந்தக் குடும்பத்திடம் உரித்து இல்லை. இது நியாயம் என்று நான் சொல்லவே மாட்டேன், அந்த மண்ணைத் தேயிலைக் காடாக்கியவர்கள் அவர்கள். ஆனாலும் லயக் காம்பராவையோ மரக்கறித் தோட்டத்தையோ "ஒரு பேப்பரில் எழுதித் தாருங்கள்" என்று இரண்டு பக்கமும் சேர்ந்து வரும்போது எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் முத்திரையைப் பார்த்து ஒரு மனுஷன் தன் ஊழியர் சேமலாப நிதிக் காசு முழுவதையும் கொட்டிவிடுவான், அவன் கைக்கு வருவது வெறும் காகிதம். தோட்ட மக்களுக்குக் கொடுத்த 7 பேர்ச் வீடு என்று வருகிறவர்களிடம் கையில் இருப்பது பதிவான உறுதியா, வெறும் கடிதமா என்று பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம் என்றால் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தொடவே வேண்டாம்.

பெயர்ச் சிக்கலுக்கும் நேரம் ஒதுக்கி வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியாய், செக்ரோலில் (தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேடு) வேறொன்று. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனதில் வந்த வினை. மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து, சத்தியக் கடதாசி போதுமா, பதிவாளரிடம் திருத்தம் செய்தே ஆக வேண்டுமா என்று பிரித்துச் சொல்லுங்கள். இன்னொன்று, வடக்கில் படித்த நண்பர்களிடம் கேட்டுவிட்டு, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை இங்கே கொண்டு வராதீர்கள். நம் மக்களுக்கு 1876இன் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம்தான். மரண சாசனம் இல்லாமல் இறந்தால் கணவன் அல்லது மனைவிக்குப் பாதி, மிச்சப் பாதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பேதமில்லாமல் சமமாக. மகளுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று, அவளுக்குப் பங்கில்லை என்று வரும் அண்ணன் தம்பிகளிடம் இதை நேராகச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

முதல் என்று பெரிதாக வேண்டாம். ஒரு அறை, கணினி, பிரின்டர், பூட்டுள்ள இரும்பு அலுமாரி. அலுமாரியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு மனிதர்களும் அவர்களின் பத்திரங்களும் மண்ணுக்குள் போனதை நம் மாவட்டம் மறக்காது. மக்களிடம் உள்ள உறுதி தொலைந்தாலும் உங்களிடம் உள்ள பிரதியும் பதிவகத்துக்கு அனுப்பிய பிரதியும் இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் பிரதிகள், பட்டியலோடு, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளரிடம் சேர வேண்டும். கார்த்திகை மழையில் பாதை அடைபடும், திகதி தள்ளிப்போகாது. முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

கட்சிக்காரரின் முத்திரைத் தீர்வைப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 இலட்சம் பெறுமதியான காணி என்றால் முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், ஆக 79,000 ரூபா. அறை வாடகை கட்ட வழியில்லாத மாதத்தில் அந்தப் பணம் உங்கள் பணம் மாதிரியே தெரியும். அதில் கை வைத்துத் தொழிலையே இழந்தவர்கள் உண்டு. பெறுமதியைக் குறைத்து எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தரகர்கள் வருவார்கள், கமிஷன் கேட்பார்கள், அவர்களையும் அப்படியே. முதல் வருஷ வருமானத்துக்கு வங்கிக் கிளைகளின் சட்டத்தரணிகள் பட்டியலில் சேர விண்ணப்பியுங்கள். ஈட்டு உறுதி அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

கேள்வி: தோட்ட ஒபீசில் கிளாக்கராக இருந்தேன். வேலை போய்விட்டது. மூன்று மொழியும் எழுதுவேன். சட்டம் படிக்காமல் நானும் நொத்தாரிசு ஆக வழி உண்டா?
- வாசகர், ஹப்புத்தளை

பதில்: இல்லை ஐயா. இப்போது சட்டத்தரணியாக இருந்தால்தான் வாரண்ட். வாரண்ட் இல்லாமல் நொத்தாரிசு வேலை பார்ப்பது குற்றம், ஆகவே "உறுதி எழுதித் தருகிறேன்" என்று பலகை போட்டுவிடாதீர்கள். சமாதான நீதவானுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது சேவை, பிழைப்பு அல்ல. உங்களுக்குத் தெரிந்த தொழில் வேறொன்று இருக்கிறது. பிரதேச செயலகத்துப் பக்கம் ஒரு மேசை போட்டு, பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதிக்கான கே படிவம் எல்லாம் நிரப்பிக் கொடுங்கள். செக்ரோல் பெயருக்கும் சேமலாப நிதி அங்கத்தவர் அட்டையான பி கார்ட் பெயருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்ததுமே பிடிக்க உங்களைப் போன்ற ஒரு பழைய கிளாக்கரால்தான் முடியும். கட்டணத்தை எழுதி ஒட்டிவிடுங்கள்.