மூன்று மாதத்துக்கு ஐந்து பவுண்டு

கேள்வி: ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸின் ஆசைநாயகி மார்கரெட் டிரம்மண்டை விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்களாமே! இங்கிலாந்து இளவரசிக்கு வழிவிடத்தானா?

பதில்: கதை அப்படித்தான் ஓடுகிறது. 1502 வாக்கில் ஒருநாள், காலை உணவு சாப்பிட்ட மார்கரெட்டும் அவருடைய சகோதரிகள் இருவரும் சேர்ந்தாற்போல் இறந்துபோனார்களாம். 1503 ஆகஸ்டில் மன்னர் இங்கிலாந்தின் மார்கரெட் டியூடரைக் கைப்பிடித்தார். இரண்டையும் முடிச்சுப் போடச் சொல்லியா கொடுக்க வேண்டும்? மன்னர் டிரம்மண்டை ரகசியமாக மணந்திருந்தார் என்று பின்னால் வந்தவர்கள் தாலியையும் கட்டிவிட்டார்கள்.

எனக்கு நம்பிக்கை இல்லை. இருபத்தெட்டு வருடம் பேரேடு எழுதிப் பிழைத்தவன் நான். வரவு செலவைப் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. ஸ்காட்லாந்து அரசுப் பொருளாளரின் கணக்கு இன்றும் கிடைக்கிறது. 1496இல் ஸ்டர்லிங் கோட்டையில் மார்கரெட் டிரம்மண்டுக்கு ஆன செலவு, பிறகு லின்லித்கோ அரண்மனைச் செலவு, 1497 வசந்தத்தோடு அது நின்றுவிடுகிறது. அடுத்து மன்னரின் மனம் ஜேனட் கென்னடி பக்கம் போய், அவருக்கு ஒரு மகனும் பிறந்துவிட்டான். எப்போதோ முடிந்த உறவை ஒழிக்க எவன் மெனக்கெட்டு விஷம் வாங்குவான்? கெட்டுப்போன சாப்பாடே மூன்று பேரைக் கொல்லும்.

ஆனால் அதே கணக்கில் 1503 பிப்ரவரியில் ஒரு வரி இருக்கிறது: டன்பிளேனில் மார்கரெட் டிரம்மண்டுக்காகத் திருப்பலி பாடும் குருக்களுக்குக் காலாண்டுச் சம்பளம், ஐந்து பவுண்டு. புது ராணி வந்து இறங்க ஆறு மாதம்கூட இல்லை. பழையவரின் ஆன்ம இளைப்பாற்றிக்குக் கஜானாவிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கிறது! சகோதரிகள் மூவரும் டன்பிளேன் கதீட்ரலில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். மூன்று நீலக் கற்கள், பக்கத்தில் பக்கத்தில்.

கேள்வி: மற்ற நாயகிகளாவது சுகமாக இருந்தார்களா?

பதில்: மேரியன் பாய்டின் மகன் சிறுவனாக இருக்கும்போதே செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஆனான். 1513இல் ஃப்ளாடன் போர்க்களத்தில் தந்தையோடு மடிந்தான். ஜேனட் கென்னடிக்கு 1501இல் டார்னவே கோட்டையையே எழுதிக்கொடுத்தார் மன்னர். ஒரு நிபந்தனை: கணவனோ வேறு ஆணோ இல்லாமல் இருக்கும்வரைதான் அது அவருக்கு. இந்த நிபந்தனையைப் போட்டவர் அப்போது தமக்கு இங்கிலாந்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பட்டத்து ராணி இதையெல்லாம் எப்படிப் பொறுத்துக்கொண்டார்?

பதில்: பெண்ணுக்குப் பதின்மூன்று வயது, மாப்பிள்ளைக்கு முப்பது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எழுதிவைத்த ஸ்டர்லிங் கோட்டைக்குள் போனால், பல தாய்களுக்குப் பிறந்த மன்னரின் பிள்ளைகள் அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். ராணி முகம் சுளித்தார். பிள்ளைகளை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அவர் மன்னருக்குப் பெற்ற ஆறில் தங்கியது ஒன்றுதான், ஐந்தாம் ஜேம்ஸ். அந்த வழியில் வந்த கொள்ளுப்பேரன்தான் 1603இல் இங்கிலாந்துக்கும் அரசனானான். அதெல்லாம் பின்னால். வந்த புதிதில் தந்தை ஏழாம் ஹென்றிக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. தன் கையாலேயே எழுத இப்போது நேரமில்லை, மன்னிக்க வேண்டும் என்கிறாள் அந்தச் சிறுமி. கையோடு, உங்களிடமே இருந்தால் தேவலை என்றிருக்கிறது என்றும் சொல்கிறாள்.