ஓடிப் பழகின ஆளோடு சேர்ந்து ஓடலாமா? புதிதாக ஓடுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் நண்பர் பல வருஷமாக ஓடுகிறார், நான் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். அவரோடு போனால் 5 நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது. தனியாகவே ஓடிவிடட்டுமா?

பதில்: வேண்டாம், அவரை மெதுவாக ஓடச் சொல்லுங்கள். சேர்ந்து ஓடும்போது வேகத்தை முடிவு செய்ய வேண்டியது நீங்கள், அவர் இல்லை. ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி, 'ம்', 'ஆமா' என்று மட்டும் வந்தால் அதிகம். பெரும்பாலும் அனுபவசாலிதான் பேசிக்கொண்டே வருவார், புதியவர் தலையாட்டியே சமாளிப்பார், அதனால் யாருக்கும் எதுவும் தெரியாது. கதை சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னால் அவர் பயிற்சி கெடாதா அண்ணா? கூச்சமாக இருக்கிறது.

பதில்: கெடாது தம்பி. முறையாகப் பயிற்சி செய்பவர்கள் வாரத்தில் பெரும்பாலான ஓட்டங்களை மெதுவாகத்தான் ஓடுவார்கள். கடுமையாக ஓடின மறுநாள் உடம்பு தேறுவதற்காக லேசாக ஓடுவார் இல்லையா, அன்றைக்குச் சேர்ந்துகொள்ளுங்கள். அதுவும் ஒத்துவராத அளவுக்கு இடைவெளி இருந்தால் ஒரு வழி இருக்கிறது: ஒன்றாகக் கிளம்பி, அவரவர் வேகத்தில் 15 நிமிடம் ஓடி, கடிகாரத்தைப் பார்த்து நிற்கிற இடத்திலேயே திரும்பிவிடுங்கள். அவர் 3 கி.மீ. போயிருப்பார், நீங்கள் 2 கி.மீ. போயிருப்பீர்கள், ஆனாலும் அதே வேகத்தில் திரும்பினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வீர்கள். கடைசியில் அவர் பின்னாலேயே வருவது தெரியும், அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டாமல் இருந்தால் போதும்.

கேள்வி: மூச்சு இப்போது பரவாயில்லை, ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி வலிக்கிறது. 'ஓட ஓடச் சரியாகிவிடும்' என்கிறார் கூட ஓடுபவர்.

பதில்: இதில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழக ஆரம்பித்துவிடும், எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். அவர் கால் பல வருஷம் ஓடிப் பழகினது. மூச்சு தாங்குகிறதே என்று அவர் ஓடுகிற தூரத்தை நீங்களும் ஓடினால் கால்தான் மாட்டும். வலி போகும்வரை ஓட்டத்தை நிறுத்தி, பிறகு குறைந்த தூரத்திலிருந்து தொடங்குங்கள். எலும்பில் ஒரே இடத்தை அழுத்தினால் சுரீரென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நடுவில் நடந்தால் மானம் போகுமே?

பதில்: யார் மானம்? ஓட்டமும் நடையுமாகப் போகும் முறையைப் பரப்பிய ஜெஃப் காலோவே 1972 ஒலிம்பிக்கில் ஓடியவர். 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று தொடங்குங்கள். களைத்த பிறகு இல்லை, களைப்பதற்கு முன்பே நடக்க வேண்டும், அதுதான் சூட்சுமம்.

கேள்வி: அவர் நல்ல உயரம். அவர் எட்டுக்கு நானும் எட்டி வைக்க வேண்டுமா?

பதில்: கூடாது. எட்டி வைத்தால் பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னால் விழும், முட்டிக்குத்தான் கஷ்டம்.

கேள்வி: எவ்வளவு சொன்னாலும் எப்போதும் அரை அடி முன்னாலேயே ஓடுகிறார்!

பதில்: பல பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு, அவர்களுக்கே தெரியாது. துரத்தாதீர்கள், உங்கள் வேகத்திலேயே போங்கள், திரும்பிப் பார்த்து நிதானமாகிவிடுவார். ஆகவில்லையா, வேறு ஆளைத் தேடுங்கள்.