பிரின்ஸ்டன் ஈட்டிங் கிளப்ல வேலைக்குக் கூப்பிடுறாங்க, போலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். தேனில இருந்து அமெரிக்கால நியூ ஜெர்சிக்கு வந்து ஏழு மாசம் ஆச்சு, வீட்டுக்காரருக்கு பிளெயின்ஸ்பரோ பக்கம் வேலை, நீங்க கேட்டரிங் படிச்சிருக்கீங்க, ஹெச்4 இஏடி, அதாவது வீட்டுக்காரர் விசாவோட வந்தவங்க வேலை பாக்குறதுக்கான அனுமதி அட்டை, கைக்கு வந்துருச்சு, பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டி பசங்களோட ஈட்டிங் கிளப் ஒண்ணுல அசிஸ்டன்ட் மேனேஜர் வேலைக்குக் கூப்பிடுறாங்க, ஆனா கிளப்னு சொன்னதும் ஊர்ல அம்மா பயந்துட்டாங்க, இது ஹாஸ்டல் மெஸ்ஸா, பாரா, நமக்கு சரிப்பட்டு வருமான்னு கேட்டிருக்கீங்க.

போங்க. தாராளமா போங்க. ஆனா என்ன எடம்னு முழுசா தெரிஞ்சுக்கிட்டுப் போங்க, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். நான் அதே தெருவுல 2013ல இருந்து வேலை பாக்குறேன், மொதல்ல சாலட் வெட்டுற வேலை, 2018ல இருந்து ஒரு கிளப்புக்கு மேனேஜர். எந்த கிளப்னு சொல்லல, பசங்க விஷயம் நெறைய எழுதப் போறேன், அவங்களுக்கு எந்த சங்கடமும் வரக் கூடாது.

நம்ம ஊர் காலேஜ் ஹாஸ்டல்ல டிவைடிங் சிஸ்டம் இருக்கும்ல, மாசக் கடைசில மொத்த செலவையும் தலைக்கு இவ்ளோன்னு வகுத்து மெஸ் பில் போடுவாங்க, பசங்கள்ல ஒருத்தன் மெஸ் செகரட்டரியா இருந்து மெனு முடிவு பண்ணுவான். அதையே ஒரு பெரிய பங்களாவுக்குள்ள, நூறு வருஷத்துக்கு மேல பழகுன பழக்கத்தோட நெனச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட அதான் ஈட்டிங் கிளப். பிரின்ஸ்டன்ல இப்போ பதினோரு கிளப் இருக்கு, பெரும்பாலும் எல்லாமே பிராஸ்பெக்ட் அவென்யூல வரிசையா, பசங்க அதை "தி ஸ்ட்ரீட்"னு மட்டும்தான் சொல்லுவாங்க. மொதல் ரெண்டு வருஷம் யுனிவர்சிட்டி டைனிங் ஹால்ல சாப்பிட்டுட்டு, மூணாவது நாலாவது வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு பசங்க ஏதாவது ஒரு கிளப்புக்கு வந்துருவாங்க. சாப்பாடு, படிக்க லைப்ரரி, டிவி ரூம், வாரக் கடைசில பார்ட்டி, எல்லாமே அங்கதான்.

முக்கியமா ஒண்ணு, இது யுனிவர்சிட்டியோடது கெடையாது. ஒவ்வொரு கிளப்பும் தனி அமைப்பு, கட்டடம் பழைய மாணவர்களோட கிராஜுவேட் போர்டு கையில இருக்கும். உங்களுக்கு சம்பளம் குடுக்கப் போறதும் அவங்கதான், யுனிவர்சிட்டி ஊழியருக்குக் கெடைக்கிற சலுகை எதுவும் தானா வந்துரும்னு நெனச்சுக்காதீங்க.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, 1855ல காலேஜோட பெரிய கட்டடமான நாசோ ஹால்ல தீப்பிடிச்சது, அதுக்கப்புறம் காலேஜ் சாப்பாட்டுக் கூடத்தையும் மூடிட்டாங்க, பசங்க ஊருக்குள்ள வீடு வீடாப் போய் காசு குடுத்து சாப்பிட ஆரம்பிச்சாங்க. சேந்து சாப்பிட்டவங்க சேந்தே இருக்கணும்னு 1879ல ஐவி கிளப் ஆரம்பிச்சாங்க, பின்னாடியே மத்ததும் வந்துச்சு. பின்னாடி அமெரிக்க பிரசிடென்ட் ஆன உட்ரோ வில்சன் அதுக்கு முன்னாடி இந்த யுனிவர்சிட்டிக்குத் தலைவரா இருந்தாரு, 1907ல இந்த கிளப்பையெல்லாம் எடுத்துட்டு எல்லாரும் ஒண்ணா தங்கி ஒண்ணா சாப்பிடணும்னு திட்டம் கொண்டு வந்தாரு, பழைய மாணவர்கள் விடவே இல்ல, திட்டம் விழுந்துருச்சு. எனக்கு மனசுல நிக்கிறது சாலி ஃப்ராங்க்னு ஒரு மாணவி. ஆம்பளைங்களை மட்டும் சேத்துக்கிட்டிருந்த மூணு கிளப் மேல 1979ல புகார் குடுத்தாங்க, ஒரு கிளப் 1986லயே பொண்ணுங்களை சேத்துக்கிச்சு, மத்த ரெண்டும் விடாம நின்னு, 1990ல நியூ ஜெர்சி சுப்ரீம் கோர்ட் சேத்தே ஆகணும்னு சொல்லிருச்சு. படிக்கிற காலத்துல போட்ட கேஸ், அந்தத் தீர்ப்பு வர்றதுக்குள்ள பதினோரு வருஷம். இன்னிக்கு எங்க டைனிங் ரூம்ல பொண்ணுங்க உக்காந்து சாப்பிடுறப்போ எனக்கு அந்தம்மா ஞாபகம் வரும்.

சேர ரெண்டு வழி. சில கிளப்புக்கு ஆன்லைன்ல பேர் குடுத்தா போதும், எடம் இருக்குற வரைக்கும் சேத்துக்குவாங்க, அது சைன்-இன். மத்த கிளப்ல "பிக்கர்", அதாவது ரெண்டாம் வருஷப் பசங்க பிப்ரவரி வாக்குல வந்து மெம்பர்களோட பேசணும் வெளையாடணும், அப்புறம் மெம்பருங்க ராத்திரி பூரா உக்காந்து யாரு வேணும் யாரு வேணாம்னு முடிவு பண்ணுவாங்க. எனக்கு அந்த முறை பிடிக்காது, பதிமூணு வருஷத்துக்கு மேல பாத்துட்டேன், இன்னும் பிடிக்கல. எடம் கெடைக்காத பசங்க அந்த வாரம் எங்க பக்கம் வருவாங்க, மூஞ்சிய பாத்தாலே தெரியும், தட்டுல எடுத்த சாப்பாடு அப்படியே இருக்கும். ஸ்கூல்ல மொத மார்க் வாங்கி, உலகத்துலயே கஷ்டமான காலேஜ்ல எடம் வாங்குன பிள்ளை, சோறு சாப்பிட ஒரு எடத்துல வேண்டாம்னு சொன்னதுக்கு உடைஞ்சு போய் நிக்கும். அந்த வாரம் மட்டும் நான் ஆபீஸ் ரூம்ல உக்கார மாட்டேன், சாப்பாடு பரிமாறுற எடத்துலயே நிப்பேன், பேர் கேப்பேன், மறுநாள் அதே பேர் சொல்லிக் கூப்பிடுவேன். நீங்களும் அதை செய்யுங்க, வேற ஒண்ணும் பேச வேண்டாம்.

இப்போ வேலைக்கு வரேன். இதுல பெரிய கஷ்டம் சமையல் இல்ல தங்கச்சி, உங்களுக்கு மேல இருக்கறவங்க வருஷா வருஷம் மாறிக்கிட்டே இருப்பாங்க. பிரசிடென்ட், வைஸ் பிரசிடென்ட், ட்ரெஷரர், ஹவுஸ் மேனேஜர், பார்ட்டி ஏற்பாட்டைப் பாக்குற சோஷியல் சேர்னு மாணவர்களே பொறுப்புல இருப்பாங்க, இருபது இருபத்தொண்ணு வயசு. ஒரு வருஷம் முட்டி மோதி கத்துக்கிட்டு, நல்லா வந்துட்டாங்கன்னு நாம நிம்மதியா மூச்சு விடுற நேரம் பொறுப்ப அடுத்தவங்க கிட்ட குடுத்துட்டுப் போயிருவாங்க. பாய்லர் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடணும், மீன்காரர் எந்த கெழமை வருவார், போன வருஷம் பார்ட்டில தரை ஏன் பாழாச்சு, இதெல்லாம் அவங்களோட சேந்து கெளம்பிரும். அந்த வீட்டுக்கு ஞாபகம்னு ஒண்ணு இருந்தா அது வேலைக்காரங்க நாமதான். நான் மேனேஜர் ஆன புதுசுல எல்லாத்தையும் மண்டைக்குள்ளயே வச்சிருந்தேன், ஒரு குளிர்காலம் மூணு வாரம் காய்ச்சல்ல படுத்துட்டேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல, புது ட்ரெஷரர் பையன் எனக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு போன் போட்டு அழாத குறையா பேசுனான். எழுந்து வந்ததும் ஒரு தடி ஃபைல் வாங்குனேன், எந்த வேலை எந்த மாசம், யாருக்கு எவ்ளோ குடுக்கணும், எந்த ரேடியேட்டர் ஒழுகும், கையாலயே எழுதுனேன், இப்போ அது மூணு ஃபைல் ஆயிருச்சு. புது பசங்க பொறுப்பெடுத்ததும் ஒரு ஞாயித்துக்கெழமை கிச்சன் மேஜைல உக்கார வச்சு பக்கம் பக்கமா படிக்க வைப்பேன். நீங்க சேர்ற மொத வாரமே அப்படி ஏதாவது இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா நீங்களே ஆரம்பிச்சுருங்க.

இன்னொண்ணு, அவங்களை பிள்ளைங்களா நடத்துறதா பாஸா நடத்துறதான்னு குழப்பம் வரும். நம்ம மனசு உடனே அம்மாவாயிரும், "சாப்டியா கண்ணு"ன்னு வாய் வரைக்கும் வரும். பாசம் வைங்க, தப்பே இல்ல, ஆனா கணக்குல முடிவு எடுக்க வேண்டியது அவங்க, நாம விலையையும் விளைவையும் முன்னாடி வச்சுட்டு ஒதுங்கி நிக்கணும். போன வருஷம் பொறுப்புல இருந்த பொண்ணு பார்ட்டி பட்ஜெட்டைக் கொறச்சு பாத்திரம் கழுவுற மெஷினை மாத்துனா, நான் ஒரு வார்த்தை சொல்லல, கணக்குப் புஸ்தகத்தைத் தொறந்து வச்சேன், அவ்ளோதான்.

பணம்னு பாத்தா ஒரு மாணவருக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல வரும், வசதி இல்லாத பசங்களுக்கு யுனிவர்சிட்டி உதவித்தொகைல மூணாவது வருஷத்துல இருந்து கிளப் சாப்பாட்டுச் செலவையும் கணக்குல எடுத்துக்குவாங்க, 2007 வாக்குல வந்த மாற்றம் அது. நம்ம ஊர் மெஸ் பில் மாதிரி மாசக் கடைசில வகுக்க முடியாது, வருஷ ஆரம்பத்துலயே தொகை முடிவாயிரும், நடுவுல முட்டை விலை ஏறுனா நம்ம தலைல. அதனால தலை எண்றதுதான் மொத வேலை. அக்டோபர்ல ஒரு வாரம் லீவு, நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங், மார்ச்ல ஒரு வாரம், பரீட்சை நேரத்துல ஒரு கணக்கு, மழை பேஞ்சா ஒரு கணக்கு. ஏப்ரல் வந்தா நாலாவது வருஷப் பசங்க தீசிஸ் எழுதுவாங்க, டின்னருக்கு வர மாட்டாங்க, ராத்திரி பத்து மணிக்கு பசியோட வந்து ஃப்ரிட்ஜைத் தொறப்பாங்க. நான் அந்த மாசம் பூரா டின்னர்ல கொஞ்சம் எடுத்து பேர் எழுதி மூடி வச்சுருவேன். அப்புறம் மீல் எக்ஸ்சேஞ்ச்னு ஒண்ணு, நம்ம பையன் இன்னொரு கிளப்புல நண்பனோட சாப்பிட்டா அந்த நண்பன் இங்க வந்து ஒரு வேளை சாப்பிட்டு ஈடு கட்டணும், மாசக் கடைசில பாக்கி இருக்கறவங்க மொத்தமா வந்து நிப்பாங்க, அந்த ரெண்டு மூணு நாள் கூடுதலா சமைங்க.

கிச்சன்ல நம்ம வீட்டுப் பழக்கம் ரெண்டை விட்டுறணும். சாம்பாரோ சூப்போ அடுப்புலயே ஆற விடுறது இங்க கூடாது. 135 டிகிரி ஃபாரன்ஹீட்ல இருந்து 70க்கு ரெண்டு மணி நேரத்துல வரணும், அடுத்த நாலு மணி நேரத்துல 41க்கு வரணும், பெரிய அண்டால விட்டா வரவே வராது, ஆழம் இல்லாத தட்டுல ஊத்தி ஐஸ்ல வைக்கணும். ஹெல்த் இன்ஸ்பெக்டர் தெர்மாமீட்டரோட வருவாங்க. செர்வ்சேஃப்னு உணவுப் பாதுகாப்புக்கு ஒரு சர்டிஃபிகேட் இருக்கு, அதோட மேனேஜர் பரீட்சை எழுதி வச்சுருங்க, நீங்க படிச்ச படிப்புக்கு அது பெரிசில்ல.

ரெண்டாவது நல்லெண்ணெய். இதை எழுதுறப்போ இன்னிக்கும் கை நடுங்குது. 2016ல ஒரு நாள் பசங்க கேட்டாங்கன்னு எலுமிச்சை சாதம் கிளறுனேன், வாசத்துக்கு கடைசில ரெண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டேன். பலகைல வேர்க்கடலை இருக்குன்னு எழுதுனேன், எள்ளுன்னு எழுதல, நமக்கு அது எண்ணெய்தானே, எள்ளுங்கற நெனப்பே வரல. ஒரு பொண்ணு தட்டுல வாங்கிக்கிட்டுப் போய் உக்காந்து, ஸ்பூனை எடுத்தவ மோந்து பாத்துட்டு எழுந்து வந்து என்ன எண்ணெய்னு கேட்டா. சொன்னேன். தட்டை மெதுவா மேஜை மேல வச்சுட்டு, பையத் தொறந்து ஊசியக் காட்டுனா, எள்ளு பட்டா தொண்டை அடைச்சுக்குமாம். ஒரு வாய் வச்சிருந்தா என்ன ஆயிருக்கும். அப்போ பாக்கெட் லேபிள் சட்டத்துல பால், முட்டை, மீன், எறா நண்டு, முந்திரி பாதாம் வகை, வேர்க்கடலை, கோதுமை, சோயான்னு எட்டுதான், 2023 ஜனவரி 1ல இருந்து எள்ளும் சேந்து ஒம்போது. சட்டம் வர வரைக்கும் நான் காத்திருக்கல, அன்னிக்கு ராத்திரியே ஒவ்வொரு டப்பாவையும் எறக்கி எழுதி ஒட்டுனோம். நம்ம ஊர்ச் சாப்பாடு போட ஆசை வரும் உங்களுக்கு, போடுங்க, பசங்க விரும்பி சாப்பிடுவாங்க, ஆனா பெருங்காயத்துல கோதுமை கலந்திருக்கான்னு கூட டப்பாவத் திருப்பிப் பாத்துட்டுப் போடுங்க.

அம்மாவோட பயத்துக்கு வரேன். குடி இருக்கு, மறைக்க மாட்டேன். வியாழன் சனி ராத்திரி கீழ டாப்ரூம்னு சொல்ற பார் ரூம்ல பீர் ஓடும், 21 வயசுக்குக் கீழ குடுக்கறது சட்டப்படி குத்தம், கேஸ் வந்தா பொறுப்புல இருக்குற மாணவர் பேர்லயே வரும். அந்த நேரத்துல உங்க வேலை என்னன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. எனக்கு எழுதிக் குடுத்தது என்னன்னா சாப்பாடு, கட்டடம், ஆளுங்க, கணக்கு. பார் பக்கம் இல்ல. பதிமூணு வருஷத்துல என்கிட்ட ஒருத்தன் மரியாதை கொறைவா பேசுனதில்ல, மறுநாள் காலைல ஒட்டுற தரையைத் தொடைக்கிறவங்களுக்குத்தான் கஷ்டம், அதனால பசங்களையே வந்து தொடைக்க வைக்கணும்னு நான் சண்டை போட்டு வாங்குன விதி ஒண்ணு இருக்கு.

சம்பளம் பேசுறப்போ கோடைக்காலத்தைக் கேளுங்க. மே கடைசில பழைய மாணவர்கள் கூடுற ரீயூனியன் முடிஞ்சதும் வீடு காலியாயிரும், செப்டம்பர்ல தான் திரும்ப களை கட்டும், அந்த மூணு மாசம் சம்பளம் உண்டா, மருத்துவ இன்சூரன்ஸ் உண்டான்னு மொதல்லயே தெளிவா பேசிக்கோங்க. இஏடி காலாவதி தேதிய காலண்டர்ல குறிச்சு வச்சுட்டு அதுக்கு 180 நாள் இருக்குறப்போவே புதுப்பிக்க போட்டுருங்க. 2006ல நான் வந்தப்போ ஹெச்4ல வேலையே பாக்க முடியாது, 2015ல தான் அந்த வழி தொறந்துச்சு, கிரீன் கார்டு வர ஏழு வருஷம் ஜன்னலோரம் உக்காந்திருந்தேன், அதனால சொல்றேன், அந்த அட்டையைப் பத்திரமா பாத்துக்கோங்க. கார் ஓட்டப் பழகுற வரைக்கும் வீட்டுக்காரர் பிரின்ஸ்டன் ஜங்ஷன்ல எறக்கி விட்டா போதும், டிங்கின்னு ஒரு குட்டி ரயில் அஞ்சே நிமிஷத்துல கேம்பஸ் ஓரத்துல விட்டுரும், அங்கருந்து நடக்கலாம், ஜனவரில மட்டும் நல்ல பூட்ஸ் போட்டுக்கோங்க.

இன்டர்வியூ அன்னிக்கு டைனிங் ரூம், மரப்படி, பெரிய பெரிய ஃபோட்டோ எல்லாம் காட்டுவாங்க. பாத்துட்டு கிச்சனையும் காட்டச் சொல்லுங்க. பாத்திரம் கழுவுறவர் கிட்ட ரெண்டு வார்த்தை பேசி எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கன்னு கேளுங்க. எட்டு வருஷம் பத்து வருஷம்னு சொன்னா யோசிக்காம சேருங்க. ரெண்டு மாசம்னு சொன்னா, அவருக்கு முன்னாடி இருந்தவர் ஏன் போனார்னு கேட்டுட்டு வந்து எனக்கு எழுதுங்க, சேந்து யோசிப்போம்.