விண்ணப்பத்தில் ‘கட்சி’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கிறேன். சென்ற மாதம் அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன். வாக்காளர் பதிவு விண்ணப்பத்தில் கட்சிச் சார்பை அறிவிக்க விருப்பமா என்று கேட்கிறார்கள். வெறுமையாக விட்டுவிடலாம் என்கிறார் என் மனைவி. அப்படி விட்டால் ஜூன் மாதப் பிரைமரியில் வாக்களிக்க முடியாது என்கிறார் நியூயார்க் குவீன்ஸில் இருக்கும் என் மைத்துனர். யார் சொல்வது சரி? கட்சியைக் குறிப்பிட்டால் அது வெளியே தெரியுமா?

பதில்: தங்கள் மனைவி சொல்வது நியூ ஜெர்சிக்குச் சரி, மைத்துனர் சொல்வது நியூயார்க்குக்குச் சரி. அமெரிக்காவில் பிரைமரி, அதாவது பொதுத் தேர்தலுக்கு முன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல், அதற்கான விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்துக்கொள்வதால், ஹட்சன் ஆற்றைக் கடந்தாலே விதி மாறிவிடுகிறது.

முதலில் ஒரு தயக்கத்தைப் போக்கிவிடுகிறேன். நம் ஊரில் ஒரு கட்சியில் சேர்வது என்றால் உறுப்பினர் அட்டையும் சந்தாவும் உண்டு. தேர்தல் வந்தால் சீட் கேட்பவர்கள் விருப்ப மனு கொடுப்பார்கள், தலைமை நேர்காணல் நடத்தி வேட்பாளரை அறிவிக்கும். அமெரிக்காவில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அந்த வேலையைப் பெரும்பாலும் வாக்காளர்களே வாக்குச்சாவடியில் செய்கிறார்கள். அதற்காகவே, யார் எந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம் என்ற குறிப்பை அரசுத் தேர்தல் அலுவலகம் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. தாங்கள் நிரப்பும் கட்டம் அந்தக் குறிப்புதான். அதனால் கட்டணமோ கட்சிப் பணியோ தங்கள்மேல் விழாது; நவம்பர் பொதுத் தேர்தலில் எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம்.

நியூ ஜெர்சியில் அந்தக் கட்டத்தை நிரப்புவது கட்டாயமில்லை. கட்சி சாராதவராகப் பதிவு செய்துகொண்டவர், பிரைமரி நாளன்று வாக்குச்சாவடியிலேயே ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி ஆகிய இரண்டில் ஒன்றை அறிவித்து, அதன் வாக்குச்சீட்டைப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அன்று அறிவிப்பதோடு அது முடிவதில்லை: அந்தக் கட்சியைச் சார்ந்தவராகவே பட்டியலில் நீடிப்பீர்கள். பின்னொரு பிரைமரியில் மற்றக் கட்சிக்கு மாற விரும்பினால், பிரைமரிக்கு 55 நாள்களுக்கு முன்பே அதற்குரிய படிவத்தைக் கொடுத்திருக்க வேண்டும். வாக்குச்சாவடியில் வந்து கேட்டால் கிடைக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். தபால் வாக்குக்கு விண்ணப்பித்திருந்தாலும், கட்சியை அறிவிக்காதவருக்குப் பிரைமரி வாக்குச்சீட்டு வீடு தேடி வராது. ஜூன் மாதம் ஊருக்குப் போகும் வழக்கம் இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே முன்கூட்டி அறிவித்துவிடுவது நல்லது.

நியூயார்க்கில் வாக்குச்சாவடியிலேயே கட்சியை அறிவிக்கும் சலுகை கிடையாது. அங்கே ஏற்கெனவே பதிவு செய்த வாக்காளர் கட்சியைச் சேர்க்கவோ மாற்றவோ பிப்ரவரி 14 கடைசி நாள். அதற்குப் பின் செய்யும் மாற்றம் அந்த ஆண்டின் ஜூன் பிரைமரிக்குப் பயன்படாது. முன்பு இந்தக் கெடு முந்தைய ஆண்டின் அக்டோபர் மாதத்திலேயே முடிந்துவிடும். 2016 ஏப்ரலில் டொனால்டு டிரம்ப் போட்டியிட்ட நியூயார்க் பிரைமரியில் அவருடைய மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் தம் தந்தைக்கு வாக்களிக்க முடியாமல் போனது இந்தக் கெடுவைத் தவறவிட்டதால்தான். மைத்துனரின் எச்சரிக்கை அனுபவத்தில் வந்தது என்றே கொள்ள வேண்டும்.

அப்படியானால் கட்சியை அறிவிப்பதால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரு கட்சியே ஓங்கியிருக்கும் தொகுதியில் நவம்பர் தேர்தல் பெரும்பாலும் சடங்குதான்; உண்மையான போட்டி பிரைமரியோடு முடிந்துவிடும். 2018 ஜூனில் மைத்துனரின் குவீன்ஸ் பகுதியையும் பிராங்ஸையும் உள்ளடக்கிய ஒரு தொகுதியின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில், பல ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்த ஜோ கிரௌலியை அலெக்சாண்டிரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் தோற்கடித்தார். சுமார் 7 லட்சம் பேர் வாழும் அந்தத் தொகுதியில், முடிவைத் தீர்மானித்தவை 30 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகள். கட்சியைக் குறிப்பிடாமல் இருந்தவர்கள் அன்று வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே தங்கள் தொகுதியில் எந்தக் கட்சி வழக்கமாக வெல்கிறதோ, அதன் பிரைமரியில் வாக்களிப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து. அதன் கொள்கைகள் முழுவதையும் தாங்கள் ஏற்றாக வேண்டும் என்பதில்லை. தங்களை ஆளப்போகிறவர் யார் என்பதில் ஒரு சொல் சொல்கிறீர்கள், அவ்வளவே. ஆனால் எதிர்க் கட்சியின் பிரைமரிக்குள் நுழைந்து அதன் பலவீனமான வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பலவீனமானவரே நவம்பரில் வென்றுவிடுவதும் உண்டு.

கட்சியைக் கேட்காத மாநிலங்களும் இருக்கின்றன. டெக்சாஸ் வாக்காளர் பதிவில் கட்சிக்கு இடமே இல்லை. பிரைமரி நாளன்று ஏதாவதொரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கலாம், ஆனால் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் மறுசுற்று வாக்குப்பதிவு நடந்தால், அதில் கட்சி மாற முடியாது. கலிஃபோர்னியாவில் மாநிலப் பதவிகளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் எல்லா வேட்பாளர்களும் ஒரே சீட்டில் நிற்க, முதல் இருவர் கட்சி வேறுபாடின்றி நவம்பருக்குச் செல்கிறார்கள். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2016 நவம்பரில் செனட்டுக்குப் போட்டியிட்டபோது, எதிரே நின்ற லொரெட்டா சான்செஸும் அவருடைய கட்சிக்காரரே. அதே மாநிலத்தில், கட்சி சாராதவர் என்று குறிப்பதாக எண்ணி ‘அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்’ என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் பெயரைக் குறித்துவிட்டவர்கள் ஏராளம். பணி மாற்றலாகி எங்கே போனாலும் கட்டத்தில் உள்ள சொற்களை முழுமையாகப் படியுங்கள்.

கடைசியாக, இரகசியம் பற்றி. கட்சிச் சார்பு பொதுப் பதிவு. நியூ ஜெர்சியில் வாக்காளர் பட்டியலைப் பெறுபவர் அதைப் பார்க்க முடியும், கட்சிகள் அதை வைத்துத்தான் தங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். எந்தத் தேர்தலில் வாக்களித்தீர்கள் என்பதும் பதிவாகும். எந்த வேட்பாளருக்கு வாக்களித்தீர்கள் என்பது எங்கும் பதிவாவதில்லை. கட்டத்தை வெறுமையாக விடுவதும் முழுப் பாதுகாப்பன்று. ஜூனில் ஒரு கட்சியின் சீட்டைக் கையில் வாங்கினாலே பட்டியலில் அந்தப் பெயர் ஏறிவிடும். ஆகவே அலுவலகத்தில் தெரியக்கூடாது என்பதே தங்கள் முதல் கவலையானால், பிரைமரியை விட்டுவிட்டு நவம்பரில் மட்டும் வாக்களியுங்கள். அந்தக் கவலை சிறியதானால், விண்ணப்பத்திலேயே கட்சியைக் குறித்துவிடுங்கள்.